ஊக்கு குத்திய செருப்பு

அந்தப் படக்குழுவில் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி பார்த்தால் அவர் ஒரே ஒருத்திக்குத்தான் பெரியப்பா. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு தையல்காரியின் மகளுக்கு. ஆனால் படப்பிடிப்பின் முதல் நாளே, வெயிலில் நின்ற கேமராக்காரருக்கு அவர் குடை பிடித்தார். ஒலிப்பதிவுக்காரர் வயர் தடுக்கி விழுந்தபோது ஓடி வந்து தூக்கிவிட்டு, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் முழங்காலைக் கழுவி மருந்து போட்டார். சாயங்காலத்துக்குள் யூனிட் மொத்தமும் "பெரியப்பா, பெரியப்பா" என்று அவரையே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

எடிட்டர் அந்தப் படப்பிடிப்புக்குப் போகவில்லை. அவள் எதற்கும் போவதில்லை. டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்த ஓர் அறைதான் அவளுடைய உலகம். ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி, முதுகுவலிக்கு ஒரு தலையணை, எதிரே இரண்டு திரைகள். வெளியே போனவர்கள் படம்பிடித்துக்கொண்டு வரும் மனிதர்களை அவள் அங்கே உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். யார் எந்தக் கேள்விக்கு எச்சில் விழுங்குவார், யார் அழுவதற்கு முன்னால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார் என்பதெல்லாம் அவர்கள் வீட்டாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது.

தொடரை எடுப்பவரைப் புரொபசர் என்பார்கள். சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பெண்கள் காணாமல் போனதாக வரும் புகார்களை, "யாரோடயாவது போயிருப்பா" என்ற ஒரே வாக்கியத்தில் காவல் நிலையங்கள் எப்படி முடித்துவைக்கின்றன என்று தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதை ஒரு டிவி நிறுவனம் ஆவணத் தொடராக எடுக்கக் கேட்டது. ஒரு வாரத்துக்கு ஒரு பெண்ணின் கதை. மூன்றாவதாக வந்தவள்தான் தையல்காரி.

கதை எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. புருஷனை இழந்தவள். புருஷனின் அண்ணன் வீட்டிலேயே ஒரு பக்கமாகக் குடியிருந்து, தையல் மிஷினை வைத்து மகளை வளர்த்தாள். ஒரு மழை நாளில் காணாமல் போனாள். போலீசார் இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் தெருவே சேர்ந்து அவளை யாருடனோ அனுப்பிவைத்துவிட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் அந்தப் பெண்ணை எடுத்து வளர்த்தார்கள். பெரியம்மா இறந்த பிறகு வீட்டில் அவரும் அவளும் மட்டும்.

அன்று மத்தியானம் எடிட்டர் பெரியப்பாவின் பேட்டியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். தன் மோட்டார் பட்டறை வாசலில் உட்கார்ந்து அவர் பேசியது. அந்தச் சமயம் தான் ஊரிலேயே இல்லை என்றார். முந்தின நாளே பம்பு மாட்டுகிற வேலையாக வெளியூர் போய், எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பினாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா விட்டிருப்பனா? வாரு அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. அதைப் போட்டுக்கிட்டு அந்த மழையில எவ்வளவு தூரம் போயிருப்பா, பாவம்."

நல்ல வரி. எடிட்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். வைத்த கை அப்படியே நின்றது.

ஊக்கு. அந்தச் சொல்லை இதற்கு முன்பும் வெட்டியிருக்கிறோமே?

மகளின் பேட்டியைத் தேடி ஓடவிட்டாள். மகள் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். கண் சோதித்து, கண்ணாடி பொருத்தும் வேலை. வீட்டில் வைத்துப் பேச வரவில்லை என்று சொன்னதால், பெரியப்பாவின் பேட்டி முடிந்து பல நாள் கழித்து, அந்தக் கடையிலேயே எடுத்திருந்தார்கள். திரையில் மகள் மெதுவாகப் பேசினாள். "அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து என்னைக் கூட்டிட்டு வரும்போது வழியில அம்மா செருப்பு அறுந்துடுச்சு. என் யூனிஃபார்ம்ல கைக்குட்டையை ஒரு ஊக்கு போட்டுக் குத்தியிருப்பாங்க. ஊக்கை நான்தான் கழட்டிக் குடுத்தேன். அம்மா அதை வார்ல குத்திக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்தா பெரியம்மாகூட இல்ல, சாப்பிட்டுத் தூங்கிட்டேன். எழுந்தா அம்மா இல்ல. ஊக்கைத் தொலைச்சதுக்குப் பெரியம்மா திட்டுவாங்கன்னு பயந்து, இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. இன்னிக்குத்தான் சொல்றேன்."

எடிட்டர் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி ஓட்டினாள். மகள் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பு அறுந்தது அன்று மத்தியானம். அவர் கிளம்பிப் போனதோ முந்தின நாள். அப்படியானால் அந்த ஊக்கை அவர் எப்போது பார்த்தார்?

திரையில் பெரியப்பா கண்ணைத் துடைத்த கோலத்தில் உறைந்து நின்றார். அவள் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். பட்டப்பகலில், கீழே டயர் கடையில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, தான் ஏன் தாழ்ப்பாள் போடுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

புரொபசர் வந்து இரண்டு துண்டுகளையும் மூன்று தரம் போட்டுக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியாம்மா?"

"இல்ல சார். இப்பவே போலீசுக்குப் போகணும் இல்லையா?"

"எந்த போலீசுக்கு? மூணு நாள்ல முடிச்சுவைச்சாங்களே, அதே ஸ்டேஷனுக்கா? ஒரு ஊக்கைக் காட்டினா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. அவர் அந்த ஏரியாவுக்கே மோட்டார் ரிப்பேர் பண்ற ஆளு. நாம படி இறங்கறதுக்குள்ள ஒருத்தன் போன் போட்டுச் சொல்லிடுவான். ஒளிபரப்பு ஆகட்டும். கடைசி ரெண்டு நிமிஷம் இதை வைப்போம். நாடே கேக்கும். அப்புறம் அவங்களால மூட முடியாது."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

"சார், அந்தப் பொண்ணு அவர்கூடத்தானே இருக்கா?"

"பதினாலு வருஷமா இருக்காளேம்மா," என்றார் புரொபசர். சமாதானமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எடிட்டர் தன் அக்காவோடு குடியிருந்தாள். அக்கா அழகு நிலையம் நடத்துகிறவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் கொலை நடந்தாக வேண்டும் அவளுக்கு. எந்த நாட்டுக் கொலையாக இருந்தாலும் சரி. போலீஸ் வருவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். "புருஷன்தான்டி. எப்பவும் புருஷன்தான். இதுக்குத்தான் நான் கட்டிக்கவே இல்ல" என்பாள்.

அன்று தங்கை சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, என்ன ஏது என்று குடைந்தாள். எடிட்டர் கதையாக மட்டும் சொன்னாள்.

"புருஷன்தான்," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"புருஷன் அதுக்கு முன்னாடியே செத்துட்டான்க்கா."

"அப்போ புருஷன் வீட்டு ஆளு. எந்த நாட்டுக் கேஸ்டி இது?"

"நம்ம கேஸ். என் டேபிள்ல இருக்கு. அந்தப் பொண்ணு இப்பவும் அந்த வீட்டுலதான் இருக்கா."

அக்கா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். கொலை பாதியில் நிற்பது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. எழுந்து போய் வாசல் கதவு, பின்கதவு, குளியலறை ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். "அந்தாளுக்கு நம்ம வீடு தெரியாதுக்கா" என்று எடிட்டர் சொன்னதற்கு, "எனக்குத் தெரியும். ஆனா என் கைக்குத் தெரியலையே" என்றாள். இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை.

மறுநாள் காலை எடிட்டர் அறைக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. மகள். பேட்டியைச் சரிபார்க்கப் பேசியதில் போனில் மட்டும் பழக்கமானவள்.

"எடிட்டரக்கா, விளம்பரம் பார்த்தேன். நல்லா இருக்கு. ஆனா என் முகத்தைப் போடுவாங்கன்னு சொல்லலையே?"

எந்த விளம்பரம் என்று எடிட்டருக்கு உடனே புரிந்துவிட்டது. போன வாரம் மகளின் பேட்டியில் இருந்து நன்றாக வந்த சில துண்டுகளை டிவி நிறுவனத்துக்கு வழக்கம்போல அனுப்பியிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்து முன்னோட்டமாகப் போட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தாள். மழை. ஒரு வெறும் தெரு. மகளின் முகமும் குரலும்: "ஊக்கை நான்தான் கழட்டிக் குடுத்தேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

"பெரியப்பா பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் என்கூட உக்காந்துதான் பார்த்தாரு. அப்புறம் ஒண்ணுமே பேசலை. காலைலதான், நான் என்னெல்லாம் சொன்னேன், அவர் பேசினதுல எதைப் போடப் போறாங்கன்னு துருவித் துருவிக் கேட்டாரு. உங்க ஆபீஸ் எங்க இருக்குன்னும் கேட்டாரு. டயர் கடைக்கு மேலன்னு சொன்னேன். சொல்லலாம் இல்லக்கா?"

"சொல்லலாம்," என்றாள் எடிட்டர்.

புரொபசருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. யூனிட் முழுக்க அடுத்த பெண்ணின் கதையை எடுக்க வெளியூர் போயிருந்தது. அந்தத் தளத்தில் அவள் மட்டும்தான். கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தபோது படிக்கட்டில் கனமான, நிதானமான காலடி கேட்டது. கீழே காவலாளி, "பெரியப்பாவா, வாங்க வாங்க, மேலதான், நேராப் போங்க" என்று சொல்வதும் கேட்டது.

திரையில் பார்த்ததைவிட அவர் உயரமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் போகாத மோட்டார் எண்ணெய்க் கறுப்பு. கையில் ஒரு பையில் ஆப்பிள். "நீதான் எடிட்டராம்மா? உன் குரலைப் பொண்ணு போன்ல கேட்டிருக்கா. இருட்டுல உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கறியே" என்றபடி அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காருமுன் கதவைச் சாத்தினார். ஏசி காற்று வெளியே போய்விடுமாம்.

"என்னைக் கொஞ்சம் காட்டேன். டிவியில வர்றதுக்குள்ள நானே ஒரு தரம் பார்த்துக்கறேன்."

அவள் காட்டினாள். குடும்பம், தம்பி, தம்பி போன துக்கம் என்று வேறு இடங்களாகப் பார்த்து ஓடவிட்டாள். அவர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். அவர் மூச்சு அவள் காதருகே வந்து போனது.

"செருப்பு இடம் எங்கம்மா?"

"எந்த இடம் பெரியப்பா?"

"அதான்மா. ஊக்கு." அவர் குரல் மாறவே இல்லை. "வயசாச்சு பார். பொண்ணு எப்பவோ சொன்னதை நான் பார்த்த மாதிரி பேசிட்டேன். நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். அதை எடுத்துடு."

பொண்ணு சொன்னதே இல்லை என்று நேற்று சாயங்காலம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவருக்கும் அது தெரியும். அவளுக்குத் தெரியுமா என்று பார்க்கிறார். எடிட்டர் திரையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"சரி பெரியப்பா. எடுத்துடறேன்."

"இப்பவே."

அவள் அந்த வரியைத் தேடி, அவர் கண்முன்னால் வெட்டி, நீக்கினாள். திரையில் ஒரு சின்ன வெற்றிடம் விழுந்தது. அங்கே அழித்தால் ஒட்டி வைத்தது மட்டும்தான் போகும், எடுத்த படம் பத்திரமாக வேறு இடத்தில் இருக்கும் என்று அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதானா? அடேயப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி வியந்தார். அவள் தலையில் கை வைத்துத் தடவினார். "நல்ல பொண்ணு."

அந்தக் கை எடுபடும் வரை அவள் மூச்சுவிடவில்லை.

கதவருகே போனவர் திரும்பினார். "பொண்ணுக்கும் கொஞ்ச நாள் லீவு சொல்லச் சொல்லியிருக்கேன். டிவி அது இதுன்னு மனசு கலங்கிக் கிடக்கா. சாயங்காலம் கடையில இருந்து அப்படியே வண்டியில ஏத்திக்கிட்டு எங்கயாவது அமைதியான இடமாக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். நீங்க யாரும் தொந்தரவு பண்ணாதீங்க, என்ன?"

காலடி கீழே போய் மறைந்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள். அக்காவிடம் ஏதோ உளறினாள். அக்காவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். "கண்ணாடிக் கடைக்கு வந்துடறேன். பின்பக்கம் வழி இருக்கான்னு பாரு. எல்லா கேஸ்லயும் பின்பக்கம் ஒரு வழி இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

கண்ணாடிக் கடை சின்னது. முன்னால் கண்ணாடி அலமாரிகள், ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் கண் சோதிக்கும் இருட்டறை. எடிட்டர் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே போய், தான் எடிட்டர் என்று மட்டும் சொல்லி, சோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மகளின் கையில் தன் போனைக் கொடுத்து இரண்டு துண்டுகளையும் போட்டுக் காட்டினாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் வேறெதுவும் சொல்லவில்லை.

மகள் கேட்டாள். முகம் சிவந்தது.

"என்ன சொல்ல வர்றீங்க? காய்ச்சல்ல கிடந்தப்போ மூணு ராத்திரி என் பக்கத்துலயே உக்காந்திருந்த மனுஷன் அவரு. உங்களுக்கெல்லாம் டிவியில போட ஏதாவது வேணும், இல்ல?"

"நீ அவர்கிட்ட ஊக்கைப் பத்திச் சொல்லியிருக்கியா? எப்பவாவது? விளையாட்டாக்கூட?"

மகள் போனை மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். பிறகு இன்னொரு தரம். "அன்னிக்கு அவரு ஊர்லயே இல்லையே," என்று முணுமுணுத்தாள், யாரோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

வெளியே கதவு மணி ஒலித்தது. "எங்கம்மா இருக்க?" என்றது அந்தக் குரல். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் இப்போதே வந்துவிட்டார்.

மகள் ஒரு நொடி அப்படியே நின்றாள். அடுத்த நொடி, லென்ஸ் மாட்டிப் பார்க்கும் அந்தக் கனமான இரும்புச் சட்டத்தை எடுத்து எடிட்டரின் முகத்தில் மாட்டினாள். கண்ணுக்கு ஒன்றாகக் கையில் அகப்பட்ட இரண்டு தடித்த லென்ஸ்களைச் செருகினாள். விளக்கை இன்னும் குறைத்தாள். திரைச்சீலை விலகியது.

எடிட்டருக்கு எதுவும் தெரியவில்லை. உலகம் முழுக்கக் கலங்கிய தண்ணீராக இருந்தது. அதில் வெள்ளையாக, உயரமாக ஓர் உருவம் மட்டும் அசைந்தது. அது தன்னைப் பார்க்கிறதா, மகளைப் பார்க்கிறதா என்று புரியவில்லை.

"கிளம்பலாமா?" என்றது அது.

"ஒரு ஆள் இருக்காங்க பெரியப்பா. பாதியில விட முடியாது." மகளின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவள் விரல்கள் எடிட்டரின் காதோரம் சட்டத்தைச் சரிசெய்தபோதுதான் அவை எப்படி உதறுகின்றன என்று எடிட்டருக்குத் தெரிந்தது. "மேடம், இப்ப சொல்லுங்க. இது தெளிவா இருக்கா, அதுவா?"

வாயைத் திறந்தால் குரலைக் கண்டுபிடித்துவிடுவார். எடிட்டர் விரலால் இரண்டாவது என்று காட்டினாள்.

உருவம் நகரவில்லை. யாரோ மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. ஆப்பிள் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. அந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே போவோம் என்ற நம்பிக்கை எடிட்டருக்கு அந்த இடத்தில் அறவே போய்விட்டது. கூட்டமான கடைத்தெரு, பக்கத்தில் ஆட்கள், பகல் வெளிச்சம் எல்லாம் இருக்கிறது என்று மூளை சொன்னது. உடம்பு ஒன்றையும் ஏற்கவில்லை.

"இன்னும் நேரமாகுமா?"

"ஆகும். நீங்க எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். வண்டியை நிழல்ல போடுங்க. வெயில்ல சீட்டு சுடும்."

வண்டி, நிழல், சீட்டு சுடும். பதினான்கு வருஷப் பழக்கத்தில் வரும் சாதாரணப் பேச்சு. அதுதான் அவரை நம்பவைத்தது. "சரிம்மா. சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விட்டார். மணி மறுபடி ஒலித்தது.

பின்பக்கத்தில் வழி இருந்தது. குப்பைக்கூடைகள் நிற்கும் ஒரு சந்து. அங்கே அக்கா, முடி வெட்டும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத் தலைக்குச் சாயம் பூசிய வாடிக்கையாளரை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். "ஏறுங்கடி, ஏறுங்கடி, மூணு பேர் போனா ஃபைன்தான் போடுவான், உயிரை எடுக்க மாட்டான்" என்று கத்தினாள். மகள் நடுவில் உட்கார்ந்தாள். சந்து திரும்பும் வரை எடிட்டர் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புரொபசரிடம் வழியிலேயே பேசினாள். முதலில் கோபப்பட்டார். கடைசி அத்தியாயம் போச்சு, கேஸ் போச்சு, எல்லாம் போச்சு என்றார். "சார், அவர் அந்தப் பொண்ணை இன்னிக்கு வண்டியில ஏத்தறதா இருந்தாரு" என்று அவள் சொன்னதும் கோபம் இறங்கியது. பிறகு, "ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. நேரா கோர்ட்டுக்குப் போங்க. என் ஸ்டூடன்ட் ஒருத்தி வக்கீலா இருக்கா. நான் வந்துடறேன்" என்றார். வெளியூரிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தவர், இரண்டு பேட்டிகளின் முழுப் பதிவையும் தானே வக்கீல் கையில் கொடுத்தார். கோர்ட்டு வராந்தா பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பொறுக்கச் சொன்னேன்மா. பெரிய தப்பு" என்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே அவள் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் நேரில் பதிவு செய்தார். வேறு பிரிவுப் போலீசார் விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவானது.

பெரியப்பா ஓடவில்லை. போலீசார் போனபோது பட்டறையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாராம். முதலில் யாரோ சொல்லிக் கேட்டேன் என்றார். பிறகு மறந்துபோச்சு என்றார். வெளியூரில் பம்பு மாட்டியதாகச் சொன்ன இடத்தில் அந்த வருஷம் கிணறே தோண்டவில்லை என்று தெரிந்ததும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ரிப்பேர் பார்த்த பம்புகளை ஓட்டிப் பார்க்கப் பட்டறைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருந்தார். அந்த மழை வாரத்தில் கட்டியது என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைவுபடுத்திச் சொன்னார். தொட்டியின் அடித்தளத்தை உடைத்தார்கள். தையல்காரி அங்கேதான் இருந்தாள். மகள் சின்ன வயசில் நீச்சல் பழகியது அந்தத் தொட்டியில்.

அதற்குப் பிறகு அவராகவே சொன்னார். தையல்காரிக்கு வேறொரு நகரத்தில் துணி ஆலையில் வேலை கிடைத்திருந்தது. மகளோடு போய்விடப் போவதாக அன்று மத்தியானம் சொன்னாளாம். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. "நீ எங்க வேணும்னாலும் போ, குழந்தையை மட்டும் விட்டுட்டுப் போன்னு சொன்னேன். கேக்கலை" என்பதுதான் அவர் வாக்குமூலத்தில் இருந்தது. பெரியம்மாவுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருப்பதால் தொடரில் அந்தக் கதை மட்டும் வரவில்லை. மகள் அக்கா வீட்டில் முன்னறையில் தங்கினாள். குழாயைத் திறந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விடுவதால், அக்கா வாளியைச் சாய்த்துப் பிடித்துச் சத்தமில்லாமல் தண்ணீர் பிடிக்கப் பழகினாள். கொலைத் தொடர்களை நிறுத்திவிட்டுச் சமையல் நிகழ்ச்சி பார்க்க ஆரம்பித்தாள். அதிலும் ஒருவன் கத்தியை எடுத்தால் சேனலை மாற்றினாள்.

விசாரணை தொடங்கிய நாள் எடிட்டரும் மகளோடு போனாள். வராந்தாவில் கூட்டம். இரண்டு போலீசாருக்கு நடுவில் பெரியப்பா வந்தார். இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. எடிட்டரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. மகளுக்கு நேரே வந்ததும் நின்றார். போலீஸ்காரர் தோளைப் பிடித்து இழுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

மகள் தலையசைத்தாள். ஆமாம் என்று.

அவர் திருப்தியாக நடந்து போனார். மகள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடிட்டரக்கா," என்றாள். "நான் ஆட்டலை. தலை தானா ஆடிடுச்சு."

எடிட்டர் அவள் கையைப் பிடித்தாள். உள்ளே அவர்களுடைய வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உடனே நகரவில்லை.